ஏட்டின் கீழோரத்தில் ஓர் அரசர்

முன்னொரு காலத்தில், பெயர் இங்கே வேண்டாத ஒரு நாட்டில், தம் புகழைத் தாமே கேட்டு மகிழும் மன்னர் ஒருவர் ஆண்டார். அந்நாட்டுப் பெருங்கோயிலில், ஓதுவார்கள் ஒரே பெரிய பாட்டுச் சுவடியைச் சூழ்ந்து நின்று பாடுவது வழக்கம். முழங்கால் உயரப் பலகையில் அது விரிந்திருக்கும்; எழுத்துகள் பெரியவை, நின்றபடியே படிக்கலாம். ஓதுவாரன்றி எவரும் அதைத் தொடலாகாது.

மன்னர் பொன்னும் வண்ணமும் தந்து புதிய சுவடி எழுத ஆணையிட்டு, அவையில் சொன்னார்: "திருவிழாவுக்கு அயல்நாட்டு வேந்தர் வருகிறார். மனிதர் எவருக்கும் அவர் குனிந்ததில்லையாம். இச்சுவடியில் வரையப்படும் என் உருவத்தின் முன் அவர் குனிய வேண்டும்!"

விகடகவி கூத்தபிரான் மேல் பொறாமை கொண்ட அமைச்சர் வில்லவதரையர் உடனே எழுந்தார். "அரசே, அவர் குனியும்படி இச்சுவடியை அமைக்கத் தகுந்தவர் கூத்தபிரானே. தவறினால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

வாயிலில் அமைச்சர் சீண்டினார்: "என்ன விகடரே, மூட்டை கட்டியாயிற்றா?"

"ஆயிற்று ஐயா. தங்களுக்கும் சேர்த்தே கட்டட்டுமா?"

திருவிழாவன்று சுவடி விரிக்கப்பட்டது. மேலே இறைவன் திருவுருவம்; நடுவே பதிகம். கீழோரத்தில், திருவடிக்கு நேர் கீழே, நெல்மணியளவில் பொன்னுருவம் ஒன்று கைத்தாளம் ஏந்தி நின்றது.

"அதுவா நான்?" மன்னர் முகம் சிவந்தது.

"நாடு கடத்துங்கள், அரசே!" என்றார் அமைச்சர்.

"வேந்தர் வந்து போகும்வரை பொறுத்தருள்க" என்றார் கூத்தபிரான்.

வேந்தர் வந்தார், நிமிர்ந்து நின்றே பதிகத்தைப் படித்தார். "கீழே மின்னுவது யார்?" என்றார். சுவடியைத் தூக்க வழியில்லை. இடுப்பை வளைத்தார், தெரியவில்லை. நழுவிய மணிமுடியை ஒரு கையால் பிடித்தபடி, மூக்கு ஏட்டில் படும் அளவுக்குக் குனிந்தார். அவை முழுவதும் அதைக் கண்டது.

"உங்கள் மன்னரா!" என்று நிமிர்ந்தார் வேந்தர். "என் சுவடிகளில் என்னை இறைவனுக்கு இணையாக வரைந்திருக்கிறார்கள். திருவடியின் கீழ் நிற்கும் துணிவுள்ள அரசரை இன்றுதான் காண்கிறேன்." இம்முறை அறிந்தே தலை வணங்கினார்.

மன்னரின் நெஞ்சு பெருமிதத்தால் விம்மியது. வேந்தர் சென்றதும் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்கு அணிவித்தார். "இன்னும் என்ன வேண்டும்?"

"தங்கள் உருவத்துக்கும் கீழே, எள்ளளவில், அடியேனையும் வரைய ஆணையிடுக."

"அது எவர் கண்ணுக்குத் தெரியும்?"

"அமைச்சருக்குத் தெரியும், அரசே. என்னிடம் குற்றம் காணத் தினமும் குனிவாரே!"

மண்டபம் அதிர நகைத்த மன்னர், அப்பொழுதே ஓவியரை அழைத்தார்.