விண்மாடம் சொன்ன வணக்கம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த வம்சத்தார் யாராவது சண்டைக்கு வரக்கூடும். ஆகையால் பெயர் வேண்டாம். அதை ஆண்ட புவனேந்திர ராஜாவுக்கு ஒரு நாள், தன் குடிமக்கள் பார்ப்பதற்கு முன்பே தினமும் தான் சூரியனைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. உடனே ஒன்பது அடுக்கில் ஒரு மாளிகை எழுப்பச் சொன்னார். விண்மாடம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

பெருந்தச்சர் ஏகாம்பரன் பாறை நிலம் ஒன்றைக் காட்டினார். மந்திரி நாகமணியார் அதை ஏற்கவில்லை. வாஸ்துப்படி வடகிழக்கு மூலைதான் உகந்தது என்றார். அந்த மூலையில் ஒரு குளம் இருந்தது. அதனால் என்ன, குளத்தைத் தூர்த்தார்கள். மேளதாளத்துடன் ராஜாவே முதல் கல்லை வைத்தார். குளம் போன செய்தி தவளைகளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒன்பதாம் அடுக்கு முடிந்த பிறகும் அவை கீழ்த்தளத்திலேயே கத்திக்கொண்டிருந்தன.

ஒரு மழைக்காலம் போயிற்று. விண்மாடம் வடக்கே சாய்ந்து நின்றது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற பேச்சு வருவதற்குள் நாகமணியார் முந்திக்கொண்டார். "மகாராஜா, விண்மாடம் சாயவில்லை. தலை வணங்குகிறது. வடக்கே இருப்பது நம் பகைவன் நாடு. பகைவனுக்கு வணங்கும் மாளிகையைக் கட்டியவன் ராஜத்துரோகி" என்றார். ராஜாவின் முகம் சிவந்தது. ஏகாம்பரனைச் சிறையில் போட்டார்கள். மறுநாள் தலையை வாங்குவது என்று தீர்ப்பாயிற்று.

மந்திரிக்கு இன்னொரு கண்ணுறுத்தலும் இருந்தது. அரண்மனை விகடகவி ஆவுடையப்பன் பேசினால் ராஜா சிரிப்பார். மந்திரி பேசினால் கொட்டாவி விடுவார். ஆவுடையப்பனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மந்திரி இனிமையாகச் சொன்னார். மாளிகை வணங்குகிறது என்றால் அவன் நண்பன் ஏகாம்பரனின் தலை போகும். இல்லை, சாய்கிறது என்றால் ராஜா கல் வைத்த இடமே தப்பென்று ஆகும். அப்போது ஆவுடையப்பனின் தலை போகும்.

ஆவுடையப்பன் எழுந்தான். "மந்திரியார் சொன்னது சரி, மகாராஜா. வணங்கத்தான் செய்கிறது. ஆனால் பாவம், ஏற்றுக்கொள்ள எதிரே ஆள் இல்லை. நாளைய சபையை விண்மாடத்தின் வடபுறம் கூட்டித் தாங்கள் அங்கே அமர்ந்தால் அந்த வணக்கம் தங்களுக்கே ஆகிவிடும். பிறகு ஏகாம்பரன் செய்த குற்றம் எது?"

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. சபை கூடட்டும், தலையை வாங்குவதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

விடிந்ததும் ஆவுடையப்பனே ஆசனங்களைப் போட்டான். விண்மாடத்தின் உயரம் எவ்வளவோ அதைவிடச் சற்று அதிகத் தூரத்தில் சிங்காசனம். சபை வழக்கப்படி மந்திரியின் ஆசனம் ராஜாவுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆகவே அது விண்மாடத்தின் உச்சி குனிந்திருந்த இடத்துக்கு நேர் கீழே வந்தது.

ராஜா அமர்ந்து, கையை உயர்த்தி மாளிகையின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். பிறகு மந்திரியை உட்காரச் சொன்னார். நாகமணியார் அண்ணாந்து பார்த்தார். முழங்காலில் பிடிப்பு, ஓரமாக நின்றே கேட்டுக்கொள்கிறேன் என்றார். நிற்பதானாலும் அவரவர் இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று ஆவுடையப்பன் பணிவாக நினைவூட்டினான். மந்திரி மெல்ல இரண்டடி வைத்தார். மேலிருந்து ஒரு பிடி சுண்ணாம்புக் காரை உதிர்ந்து அவர் தலைப்பாகையில் விழுந்தது.

முழங்கால் அக்கணமே குணமாயிற்று. பட்டு அங்கவஸ்திரம் பறக்க ஓடிய மந்திரி, சிங்காசனத்தையும் தாண்டிப் போய்த்தான் நின்றார்.

"வணங்குகிற மாளிகையைக் கண்டு ஏன் ஓடுகிறீர்?" என்று கேட்டார் ராஜா.

"மகாராஜா, அது விழுந்துவிடும்."

"ஏன் விழ வேண்டும்?"

"கீழே வெறும் சேறு. குளத்து மண் ஒன்பது அடுக்கை எப்படித் தாங்கும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. அந்தக் குளத்தைக் காட்டியது யார் என்று ராஜா கேட்டார். கீழ்த்தளத்திலிருந்து ஒரு தவளை மட்டும் பதில் சொன்னது.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரீடம் வடக்கே சாயும் அளவுக்குச் சிரித்தார். அதை வணக்கம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

ஏகாம்பரனின் விலங்கு கழன்றது. ஆவுடையப்பனை என்ன வேண்டுமோ கேள் என்றார் ராஜா.

"விண்மாடத்துக்குத் தெற்கே ஒரு வீடு போதும், மகாராஜா. வடக்கே வேண்டாம். அவ்வளவு பெரிய வணக்கத்துக்கு அடியேன் தகுதியானவன் அல்ல."

ராஜா மறுபடியும் சிரித்து, வீட்டோடு தன் முத்துமாலையையும் கொடுத்தார். மந்திரிக்குத் தண்டனை ஒன்றும் தரவில்லை, பதவிதான் தந்தார். இனி நாள்தோறும் காலையில் ராஜாவின் சார்பில் அதே ஆசனத்தில் அமர்ந்து, விண்மாடத்தின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளும் பதவி.

அன்று மாலையே நாகமணியார் ஏகாம்பரனின் வீட்டு வாசலில் போய் நின்று, மாளிகைக்கு முட்டுக்கொடுக்க வழி உண்டா என்று கேட்டார். அப்போது அவர் விண்மாடத்தைவிட அதிகமாகவே குனிந்திருந்தாராம்.