டீக்கடைக்கு எதிர் பெஞ்சு

பேராசிரியை மரகதவல்லியின் முன்னால் டாக்டர் தணிகைவேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஆரணிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு வேலை. பேராசிரியையிடம் ஆய்வு மாணவரும்கூட.

"குடும்பக் கட்டுப்பாட்டு அறைக்கு யாருமே வரமாட்டேங்கிறாங்க மேடம். இப்படியே போனா அடுத்த மாசம் மூடிடுவாங்களாம். பூங்காவனம்னு ஒரு பொண்ணு. மூணாவது பிரசவத்துல பொழைச்சதே பெரிசு. இன்னொண்ணு தாங்காது. அவளும் வரலை. பயமா இருக்கு."

"ஏன் வரலையாம்?"

"விழிப்புணர்வு இல்லை. ஆய்வுல அப்படித்தான் எழுதப்போறேன்."

"எழுதலாம். அதுக்கு முன்னாடி அந்த அறை வாசல் பெஞ்சுல ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துட்டு வா. கோட்டு போடாம."

போய் உட்கார்ந்தார். தலைக்கு மேலே அறையின் பெயர் ஆளுயர எழுத்தில். எதிரே டீக்கடை, பஸ் ஸ்டாப்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன டாக்டரே, கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் மொத்தமும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் சேதி, அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீடு வரை போய்விட்டது. அம்மா போனில் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தவே அன்று பொழுது போயிற்று.

"மானம் போச்சு மேடம்," என்று வந்து நின்றார் தணிகைவேல். "வராததுக்குக் காரணம் கூச்சம். அப்படியே எழுதிடறேன்."

"அன்னைக்கு ஒரு காரணம் சொன்னே, இன்னைக்கு ஒண்ணு. இடத்தை மாத்திப் பாரு. அப்புறம் எழுது."

அறை பின்பக்கம் போயிற்று, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறைக்கு அடுத்த கதவு. போர்டு கிடையாது. பிள்ளைக்கு ஊசி போட வந்தவர்கள் அப்படியே பக்கத்துக் கதவிலும் நுழைந்தார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒருநாள் கைக்குழந்தையோடு பூங்காவனம் வந்தாள். நர்ஸம்மாவிடம் காப்பர்-டி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் தணிகைவேலைப் பார்த்துச் சிரித்தாள்.

"எத்தனையோ தடவை வாசக் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன் சார். அந்த பெஞ்சுல எவ உட்காருவா?"

அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஆய்வை எழுதி முடித்து எடுத்துக்கொண்டு ஓடினார்.

"தலைப்பு மட்டும் பாக்கி மேடம். 'விழிப்புணர்வு வந்தது எப்படி'ன்னு வைக்கலாமா?"

"தாராளமா வை," என்றார் மரகதவல்லி. "யாருக்குங்கிறதை மட்டும் சரியாப் போடு."