மூன்று நிறத்து ராஜா

"இவள் கட்டைவிரலை வெட்டுங்கள்" என்று அரசர் சொன்னபோது வெள்ளையம்மை அந்த விரலால்தான் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஏணியின் உச்சியில் இருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை.

"யாருடையதை?" என்று கேட்டாள்.

"உன்னுடையதைத்தான்" என்றார் கீழே நின்ற குணவீரர், வாயெல்லாம் பல்லாக.

நொச்சிநாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தபோது நடந்தது இது. காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பார். மாலையில், அதற்கு ஏன் இவ்வளவு பெரிய காது என்று அவனையே சிறையில் போடுவார். குணவீரர் அவருடைய அலங்கார அதிகாரி. எந்தத் தூணுக்கு எந்தத் துணி சுற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கொலுமண்டபச் சுவரில் அரசரைத் தீட்டும் வேலை தம் மைத்துனனுக்குக் கிடைக்காமல் வெள்ளையம்மைக்குப் போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பாருங்கள் மகாராஜா. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. அவ்வளவுதான். பச்சை உண்டா, நீலம் உண்டா? பக்கத்து நாட்டு ராஜாவின் படத்தில் குதிரைக்கே ஐந்து நிறம். தங்களுக்கு மூன்று. ஆக, தாங்கள் அந்தக் குதிரையைவிட..."

"போதும்" என்றார் அரசர்.

வெள்ளையம்மை இறங்கி வந்தாள். "மகாராஜா, மஞ்சளுக்குப் பக்கத்து வீடு செம்மஞ்சள். அதற்கு அடுத்த வீடு சிவப்பு. ஒரே தெருக்காரர்கள், சண்டை வராது. அந்தத் தெருவில் தாங்கள் நடந்து போனால் எல்லோருக்கும் தெரியும். ஊரிலுள்ள அத்தனை நிறத்தையும் கூட்டி வந்து நிறுத்தினால் ஆளாளுக்குக் கத்தும். தங்களைத் தேட வேண்டியிருக்கும்."

"ராஜாவைத் தேடுவதா? இவள் வாயைப் பாருங்கள்!" என்றார் குணவீரர்.

மந்திரி கோடையாண்டார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். "குணவீரர் சொல்வதுதான் சரி."

வெள்ளையம்மை அவரை முறைத்தாள்.

"நாளை நெய்தல்நாட்டுத் தூதர் வருகிறார். அவர்கள் இளவரசிக்குத் தங்களைக் கேட்கத்தான் வருகிறார். தங்களுக்கு எல்லா நிறத்திலும் ஓர் அங்கி வேண்டும். சிம்மாசனத்துக்கும் குடைக்கும் அப்படியே. குணவீரர் கையாலேயே நடக்கட்டும். தூதர் வணங்கி முடித்ததும் அவர் கண்ணெதிரில் இவள் விரலை வெட்டலாம். நம் ராஜாவுக்கு நிறத்தின் மேல் எவ்வளவு மதிப்பு என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்."

அரசருக்குப் பிடித்துவிட்டது. குணவீரருக்கு அதைவிட.

வெளியே போகும் வழியில் மந்திரி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் இதே சேலையில் வா அம்மா. துவைத்துவிடாதே."

"விரலே போகப்போகிறது. சேலையைப் பற்றி என்ன ஐயா கவலை?"

"இரண்டும் பத்திரம்."

மாதக்கணக்கில் தூரிகை துடைத்த சேலை அது. இடுப்பில் மஞ்சளாகத் தொடங்கி, முழங்காலில் செம்மஞ்சளாகி, கரையில் சிவப்பாக முடிந்தது.

நெய்தல்நாட்டாருக்கு ஒரு வழக்கம். வேற்று அரசரின் சபைக்குள் தலை குனிந்தபடிதான் வருவார்கள். உடையைப் பார்த்தே அரசரை அறிந்து காலில் விழவேண்டும். முகத்தை அதன் பிறகுதான் பார்க்கலாம். இது மந்திரிக்குத் தெரியும். குணவீரருக்கும் தெரியும், அதனால்தான் அங்கியில் கடைசி நேரத்தில் இன்னும் இரண்டு நிறம் சேர்த்தார்.

மறுநாள் அரசர் அந்த அங்கியோடு அமர்ந்தார். கிளிப்பச்சைக் கை, ஊதா மார்பு, நீலக் கழுத்துப்பட்டை. சிம்மாசனத்திலும் அதே துணி, கம்பளத்திலும் அதே. அதிகாரிகளும் ஆளுக்கொரு நிறத்தில் பளபளத்தார்கள். ஒரு தூண் ஓரமாக, கத்தி பிடித்தவன் பக்கத்தில் வெள்ளையம்மை நின்றாள்.

தூதர் குனிந்த தலையோடு நுழைந்தார். இடப்பக்கம் போனார். திரும்பினார். வலப்பக்கம் போய்க் குடைக்காரன் முன் தயங்கினார். பிறகு தீர்மானமாக நடந்து வந்து, பழத்தட்டை வைத்துவிட்டு, வெள்ளையம்மையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எங்கள் இளவரசிக்கு ஏற்ற மணவாளரே!"

"நன்றாக இரும்" என்றாள் வெள்ளையம்மை. வேறென்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தூதர் நிமிர்ந்து மூக்குத்தியைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ராஜத் துரோகம்! விரல் போதாது, இவள் தலையை எடுக்கவேண்டும்" என்று குணவீரர் குதித்தார். அரசரின் மீசை துடித்தது.

"எடுக்கலாம்" என்றார் மந்திரி. "அதற்கு முன் ஒன்று. தூதரே, இவளிடம் ஏன் வந்தீர்?"

"ஐயா, உள்ளே வந்ததும் சந்தைக்குள் வந்தது போலிருந்தது. பச்சை கூப்பிட்டது. நீலம் கூப்பிட்டது. ஊதா கையைப் பிடித்து இழுத்தது. இவரிடம்தான் நிறங்கள் அடித்துக்கொள்ளவில்லை. கண் மஞ்சளில் இறங்கிச் சிவப்பு வரை தானாகப் போனது. ராஜா என்றால் இப்படித்தான் இருப்பார் என்று..."

"அப்போது நான் எங்கே இருந்தேன்?" என்று அரசர் கர்ஜித்தார்.

தூதர் கைகூப்பினார். "சிம்மாசனத்தில் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன், மகாராஜா."

அரசர் தம் கையைப் பார்த்தார். சிம்மாசனத்தின் கையைப் பார்த்தார். எது எதுவென்று அவருக்கே ஒரு கணம் தடுமாறியது.

"இப்போது அந்தச் சுவரைப் பாருங்கள். முதலில் என்ன தெரிகிறது?" என்றார் மந்திரி.

"நான்."

"அதற்குப் பிறகு?"

அரசர் வெகுநேரம் பார்த்தார். "நான்தான்" என்றார், குரல் கனிந்து.

அங்கியைக் கழற்றிக் குணவீரரின் தோளில் போட்டார். "இனி இதை உடுத்திக்கொண்டுதான் சபைக்கு வரவேண்டும். நீர் எங்கே உட்கார்ந்திருக்கிறீர் என்று எனக்குத் தெரியவே கூடாது."

கத்தி பிடித்தவன் போகலாமா என்று கேட்டான். போகச் சொன்னார். மந்திரிக்குத் தம் முத்துமாலையைக் கொடுத்தார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று வெள்ளையம்மையைக் கேட்டார்.

"விரல் இருக்கிறது மகாராஜா. குணவீரர் ஏணிப் பக்கம் வராமலிருந்தால் போதும். படத்தில் இடது காது பாக்கி."

அவள் மறுபடி ஏறினாள். மந்திரி தூதரை விருந்துக்கு அழைத்துப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். அரசர் மட்டும் சுவருக்கு அருகில் போய்த் தம் உருவத்தை அண்ணாந்து பார்த்தார். இரு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

வெள்ளையம்மை காதை விட்டுவிட்டு இரண்டு படி இறங்கி, பின்னணிச் சிவப்பைத் தொட்டு, ஓவியத்தின் வயிற்றை ஒரு விரற்கடை குறைத்தாள்.