புலிக்காகக் காத்திருந்த இறைச்சி

அந்தக் காலத்தில் புலி நெருப்புக்கு அஞ்சாது. மிளகும் இப்போதுபோல் கறுத்துச் சுருங்கிக் கிடக்காது. பச்சைப் பசேலென்று, வழவழவென்று கொடியில் தொங்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருக்கும்.

மலையில் ஒரு சட்டம் இருந்தது. காடு புலியினுடையது, ஆகவே யார் வேட்டையாடினாலும், இறைச்சியைத் தீயில் வாட்டுவதற்கு முன் முதல் பங்கு புலிக்கு. பங்கு எவ்வளவு என்று மட்டும் யாரும் பேசி வைக்கவில்லை. புலி சாவகாசமாக வந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு, எலும்பைத் தள்ளிவிட்டுப் போகும்.

சடைச்சிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. கிழங்கும் எலும்புச் சாறுமே சாப்பாடு. பால் வற்றிவிட்டது. குழந்தையின் அழுகை நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் கணவன் நஞ்சன் ஒரு காட்டுப்பன்றியைக் கொண்டுவந்த அன்று, மிளகை உருவித் தண்ணீர் தெளித்து அரைத்து, இறைச்சி முழுக்கப் பூசினாள். உறைத்தால் புலி விட்டுவிடும் என்று நினைப்பு. புலி வந்தது. தொடையைக் கவ்வி இரண்டு உதறு உதறியது. விழுது மொத்தமும் பாறையில் தெறித்தது.

"என்னத்தப் பூசி வச்சிருக்க, சேறா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் எலும்பை மட்டும் மிச்சம் வைத்தது.

மறுநாள் சடைச்சி மிளகுக் கொடியின் அடியில் போய் நின்று ஏசினாள். "உன்னப் போயி நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்."

"ஏன்டி, தண்ணிய விட்டு அரைச்சா நான் எங்க ஒட்டுவேன்? வழுக்கிக்கிட்டுத்தான் போவேன்," என்றது மிளகு. "என்னப் பறிச்சு வெயில்ல போடு. ஈரம் போனாத்தான் எனக்குக் கோவம் வரும். உப்போட இடிச்சு, பொடியாவே அழுத்தித் தேயி."

"காஞ்சா உன் மினுமினுப்பெல்லாம் போயிருமே?"

மிளகு தன் வழவழப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "போகத்தான் போகும். உன் புள்ள அழுதப்ப எனக்குத் தூக்கம் வரல. இப்ப அது அழ மாட்டேங்குது, இப்பவும் வரல. மனசு மாறுறதுக்குள்ள பறிடி."

நான்கு நாள் பாறை வெயிலில் கிடந்து மிளகு கறுத்தது. முகமெல்லாம் சுருங்கிப்போனது. அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சடைச்சிக்கு அழுகை வந்தது. ஆனாலும் இடித்தாள்.

அடுத்த வேட்டையும் பன்றிதான். பொடியையும் உப்பையும் கலந்து, சதையின் சந்துபொந்தெல்லாம் உள்ளங்கை எரிய எரியத் தேய்த்தாள். தேக்கிலையால் மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவன் வர்றதுக்குள்ள தீயில போட்டுருவோம்டி," என்று நஞ்சன் பறந்தான்.

"இன்னைக்கு ஒளிச்சுத் தின்னுருவோம். நாளைக்கு? வரட்டும். வந்து தின்னு பாக்கட்டும்."

வெயில் தாழும்வரை அசையவில்லை அவள். புலி வந்து தொடையைக் கவ்வி உதறியது. பொடி உதிரவில்லை. பெரிதாக ஒரு கடி கடித்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தும்மல் மேல் தும்மல். நாக்கைப் பாறையில் தேய்த்த தேய்ப்பில் நாக்கு சொரசொரத்துப் போனது. நெருப்புதான் வாய்க்குள் புகுந்துவிட்டது என்று எண்ணி, ஓடையைப் பார்த்து ஓட்டம் பிடித்தது.

"உங்க பங்கும் வேணாம், உங்க நெருப்பும் வேணாம்!" என்ற கத்தல் தூரத்தில் கேட்டது.

மிச்சத்தைத் தீயில் வாட்டினார்கள். காத்துக் கிடந்த நேரத்தில் காரமும் உப்பும் எலும்பு வரை இறங்கியிருந்தன. நஞ்சனும் சடைச்சியும் எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றார்கள். மூன்றாம் நாள் சடைச்சிக்குப் பால் சுரந்தது. குழந்தை குடித்துவிட்டு, போதவில்லை என்று மலைக்கே கேட்கும்படி அழுதது.

அன்று முதல்தான் மிளகு கறுத்துச் சுருங்கி, வாய் திறக்காமல் இருக்கிறது. புலி நெருப்பைக் கண்டால் விலகிப் போகிறது. சுடுகிற கறிக்குப் பொடி தேய்ப்பவர்கள், உடனே தீயில் வைக்காமல் மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், ஊறட்டும் என்பார்கள். ஊறுவதெல்லாம் பிறகு வந்த பேச்சு. புலி வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.