நாரத்தங்கன்றும் பதினோரு சால்வையும்

முன்பு முள்ளியூர்ச் சீமையைத் திருமேனிராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். தம் ராணி செவந்தியம்மாளை அவர் உயிரோடு கடைசியாகப் பார்த்தது அரண்மனைப் பின்கட்டுத் தோட்டத்தில். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நாரத்தங்கன்றை நட்டு, குந்தி உட்கார்ந்து மண் அணைத்துக்கொண்டிருந்தாள். சபை முடிந்து, போர்த்திய சால்வையோடு வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்தாள். கையெல்லாம் சேறு என்பதால் மணிக்கட்டாலேயே அவர் கழுத்துச் சால்வையைத் தளர்த்திவிட்டாள்.

"இந்த வெக்கையில இப்படி இறுக்கிக்கிட்டு நிக்கிறீங்களே."

ராஜா சிரித்துக்கொண்டே வேட்டைக்குப் போனார். திரும்பி வருவதற்குள் விஷக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அன்றைக்குத் தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியவர்தான். நினைத்தால் சபையைக் கூட்டுவார், நினைத்தால் கலைப்பார். முதல் கவளத்தில் உப்பு அதிகம் என்பார், அடுத்த கவளத்தில் உப்பே இல்லை என்பார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அவரை எதிர்த்துப் பேச இருந்தவள் ஒருத்திதான்.

அடுத்த கோடையில் ஒருநாள் என்ன தோன்றியதோ, கதவைத் திறந்தார். மல்லிகை, கனகாம்பரம், ரோஜா எல்லாம் விறகாகிக் கிடந்தன. நாரத்தங்கன்று மட்டும் நாலைந்து இலையோடு நின்றது. கிணற்றிலோ தண்ணீர் அடியில் கிடந்தது. ராஜா அதே இடத்தில் சபையைக் கூட்டி, இந்தக் கன்று பட்டுப்போனால் உங்கள் யார் பதவியும் நிலைக்காது என்றார்.

அமைச்சர் அடைக்கலநாதர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "ஊற்றினாலும் தண்ணீர் வெயிலுக்கே போய்விடும் மகாராஜா. மண்ணை நனைத்து மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும்" என்றார்.

எதைக்கொண்டு மூடுவது என்று பேச்சு வந்தது. அமைச்சர் பதவிமேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்த அரண்மனை அதிகாரி வரதுங்கர், சந்தனத்தூள் போடலாம் என்றார். தூள் இறுகிப்போனால் தண்ணீர் கீழே இறங்காது, வெறும் வைக்கோலுக்குக் கறையான் வரும், வாடிய புங்கந்தழைதான் நல்லது என்று அமைச்சர் சொன்னார். கன்றைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்கு ஒரு வட்டம், நாலு விரல் கனம், மூன்று கூடை போதும். தண்டை ஒட்டி மட்டும் கையகலம் வெறுமையாக விடவேண்டும், காற்றுப் படாவிட்டால் தண்டு அழுகிவிடும் என்றும் சொன்னார்.

வரதுங்கர் விடவில்லை. "மூன்று கூடையா? உம் வீட்டுக் கத்தரிப் பாத்தி என்று நினைத்தீரோ? ராணியம்மா கையால் வைத்த கன்று ஐயா இது. பத்து வண்டி வேண்டாமா?"

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. "பத்து வண்டியே கொட்டுங்கள். கழுத்துவரை மூடுங்கள். என் செவந்திக்கு யாரும் கணக்குப் பார்க்கவேண்டாம்" என்றார். மறுத்துப் பேசுகிறவர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

அடைக்கலநாதர் மறுக்கவில்லை. பத்து வண்டித் தழை வந்து சேர நாளைச் சாயங்காலம் ஆகும், அதற்கு முன் உச்சிவேளையில் சபை கூட்டி எல்லாரும் ராஜாவுக்குச் சால்வை போர்த்தி மரியாதை செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ராஜாவும் சம்மதித்தார். போர்த்திய சால்வையைச் சபை கலையும்வரை எடுக்கக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

மறுநாள் அக்கினி வெயில். அமைச்சர் ஒரு மெல்லிய பருத்திச் சால்வையை ராஜாவின் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வரதுங்கர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "மகாராஜாவுக்கு ஒன்றா?" என்று கம்பளியும் சரிகையுமாகப் பதினோரு சால்வைகளை அடுக்கினார். தோளில் இடம் தீர்ந்து கழுத்தைச் சுற்றினார், பிறகு மோவாயை, பிறகு மூக்கை. மற்றவர்களும் தாங்கள் கொண்டுவந்ததை அதன்மேல் போர்த்தினார்கள்.

ராஜாவின் கண் மட்டும் வெளியே தெரிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. சாமரம் வீசுகிறவர்கள் சால்வைமேல் வீசினார்கள். ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். மண்டபம் நிறைய ஆள். எல்லாரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காத்திருந்தார். சேறு படிந்த ஒரு மணிக்கட்டு வந்து கழுத்தைத் தளர்த்திவிடும் என்று உடம்பு எதிர்பார்த்தது. எந்தக் கையும் வரவில்லை.

"அமைச்சரே, மூச்சு முட்டுகிறது" என்றார் உள்ளேயிருந்து.

அடைக்கலநாதர் எழுந்தார். "எல்லாம் பிரியத்தில் போர்த்தியதுதான் மகாராஜா. கழுத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். தங்களுக்கு வாய் இருக்கிறது, சொல்லிவிட்டீர்கள். அந்தக் கன்று சொல்லாது."

ராஜா வழக்கத்தையும் பார்க்காமல் சால்வைகளைப் பிய்த்து எறிந்தார். அமைச்சர் தலை போகப்போகிறது என்று சபை நினைத்தது. அவரோ சிரித்தார், ஒரு வருஷத்துக்குப் பிறகு. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஓய் வரதுங்கரே, தழை வண்டி வந்ததும் ஊரில் கொல்லை வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் மூன்று கூடை வீதம் நீரே சுமந்து கொடும். போகும்போது உம் பதினோரு சால்வையையும் போர்த்திக்கொண்டு போம். மூக்குவரைக்கும்."

அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சபை அப்போதுதான் வெளியே விட்டது. அடைக்கலநாதருக்கு ஒரு கிராமம் மானியமாயிற்று.

சாயங்காலம் ராஜா தனியாகத் தோட்டத்துக்குப் போனார். அவள் உட்கார்ந்திருந்த மாதிரியே குந்தி உட்கார்ந்து, மண்ணை நனைத்து, மூன்று கூடைத் தழையைக் கையால் பரப்பினார். தண்டை ஒட்டி விழுந்ததை விரலால் ஒவ்வொன்றாய் விலக்கினார். எழுந்து கையைப் பார்த்தார். எல்லாம் சேறு. காட்டத்தான் ஆள் இல்லை.

அந்தக் கோடை கழிந்து மழை வந்தது. தழை மக்கி மண்ணோடு சேர்ந்தது. பிறகு ஒவ்வொரு கோடையிலும் மூடாக்கை ராஜாவே போட்டார். சால்வை போர்த்திக்கொள்வதை விட்டுவிட்டார். செவந்தியம்மாள் நட்டவற்றில் மிஞ்சியது அந்த நாரத்தை ஒன்றுதான்.