பொட்டலம் யாருடையது

காலைப் பயிற்சி முடிந்து மற்ற பையன்கள் கிளம்பிவிட்டார்கள். மாதேஷ் மட்டும் மைதானத்தை விட்டுப் போகவில்லை.

ஹவில்தார் முனிரத்தினம் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்து, ஒரு முழங்காலைக் கெடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ராணுவத்தில் சேர ஆசைப்படும் பிள்ளைகளை ஓடவைப்பதும் கயிறு ஏறவைப்பதும்தான் இப்போது அவர் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அதிகம் பேசமாட்டார்.

"என்னடா?"

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்."

"கேளு."

"ஓட்டத்துல தேறிட்டேன். மெடிக்கல்லயும் தேறிட்டேன். அடுத்த வாரம் சர்டிபிகேட் பார்க்கக் கூப்பிட்டிருக்காங்க. எப்பவாவது போலீஸ் பிடிச்சிருக்கான்னு அங்க கேப்பாங்களாம்."

மாஸ்டர் கயிற்றைக் கீழே வைத்தார்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், கஞ்சாப் பொட்டலத்தோடு மாதேஷும் அவன் கூட்டாளி திருமாலும் பிடிபட்டார்கள். திருமாலுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மாதேஷுக்கு முடியவில்லை. மாதேஷ் சிறுவர் கோர்ட்டுக்குப் போனான். அங்கே சாட்சி வரவில்லை, கேஸ் தள்ளுபடி. திருமால் பெரிய கோர்ட்டுக்குப் போனான். அங்கே சாட்சி வந்தது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து டீக்கடையில் மாதேஷுக்குப் பெயரே அதுதான். "வாடா தள்ளுபடி. ஆடி மாசம் முடிஞ்சுபோச்சே, உன்னை இன்னும் எடுக்கலையா?" முதலில் சண்டைக்குப் போனான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். இப்போதெல்லாம் கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்டுவிடுகிறான்.

"வக்கீல் 'இல்லை'ன்னு சொல்லச் சொல்றாரு மாஸ்டர். சின்ன வயசுக் கேஸு, சட்டப்படி நடக்காத மாதிரிதானாம். அம்மாவும் வாயைத் திறக்காதேங்குது. எனக்குத்தான் ஒரு முடிவுக்கு வர முடியலை. நினைச்சு நினைச்சுச் சலிச்சுப்போச்சு. ஆமான்னு சொல்லட்டுமா, இல்லைன்னு சொல்லட்டுமா?"

மாஸ்டர் கேட்டார்.

"பொட்டலம் யாருது?"

மாதேஷ் புரியாதவன்போல் பார்த்தான்.

"கேஸைக் கேக்கலை. பொட்டலம் யாருது?"

இத்தனை நாளில் அவனிடம் யாருமே இதைக் கேட்டதில்லை. யார் கையில் இருந்தது என்றுதான் போலீஸ் கேட்டது. என்னிடம் எதையும் சொல்லித் தொலைக்காதே என்றார் வக்கீல். அம்மா கேட்கப் பயந்தாள்.

"என்னுதுதான்." கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "என்னுதுதான் மாஸ்டர். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கடான்னு அவன் கையில குடுத்துட்டு ஒண்ணுக்குப் போனேன். திரும்பி வந்தா ஜீப் நிக்குது. என்னையும் சேர்த்து ஏத்திட்டாங்க."

"அவன் சொல்லலையா, உன்னுதுன்னு?"

"சொல்லலை."

"ஏன்?"

மாதேஷ் காலால் மண்ணைத் தேய்த்தான்.

"நான் சொல்லுவேன்னு இருந்திருப்பான்."

மாஸ்டர் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"திருமாலைப் போய்ப் பாரு."

"பார்த்து?"

"பாரு. அப்புறம் உன் கேள்வியை வந்து கேளு."

திருமால் ஊருக்கு வெளியே கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். காலடியில் சேற்றுத் தண்ணீர். புருவமெல்லாம் வெள்ளைத் தூள். ஒரு காலத்தில் மாதேஷை முதன்முதலாக மைதானத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துவந்தவன் அவன்தான். அவன் ஓட ஆரம்பித்தால் மற்றவர்கள் அவன் முதுகைத்தான் பார்க்க முடியும் என்பார்கள். தண்டனை வாங்கியவனுக்குப் பட்டாளத்தில் இடமில்லை என்று ஆனபிறகு அவன் அந்தப் பக்கமே வருவதில்லை.

மாதேஷைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான்.

"மெடிக்கல் தேறிட்டியாமே."

"ம்."

"நல்லது."

வேறென்ன என்பதுபோல் நின்றான்.

"அந்தக் கேஸைப் பத்தி அங்க கேப்பாங்களாம் திருமாலு. உள்ளதைச் சொல்லிடலாம்னு பார்க்கறேன். பொட்டலம் என்னுதுன்னு."

திருமால் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எவனோ ஒரு ஆபீசர்கிட்ட நீ என்ன சொன்னா எனக்கென்னடா? உள்ள இருந்த நாளைத் திருப்பிக் குடுத்துடுவானா?"

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"உங்கம்மா என்னைப் பார்த்தா இன்னும் மண்ணை வாரித் தூத்துது. எம்புள்ளையைக் கெடுத்த பாவின்னு. நேத்துகூட. பக்கத்துல எங்கப்பா வந்துக்கிட்டிருந்தாரு. ஒண்ணும் பேசலை, துண்டால வாயைப் பொத்திக்கிட்டு நடந்தாரு." திருமால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தூள் இன்னும் பரவியது. "முடிஞ்சா அதை நிறுத்தச் சொல்லு. முடியலைன்னா விடு. எனக்குப் பழகிப்போச்சு."

மெஷினைப் போட்டுவிட்டான். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மாதேஷின் அம்மா பச்சியம்மாள் தக்காளித் தோட்டத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து, கறை பிடித்த விரல்களைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பொட்டலம் என்னுது. திருமாலுது இல்லை."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் சட்டையைத் துவைச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கும்மா அவனைப் போய்..."

"உங்கப்பன் விட்டுட்டுப் போனதுல இருந்து எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன். உன்னைத் திட்டிட்டு நான் யார் மூஞ்சியில முழிக்கறது? யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. அவன் கிடைச்சான்."

"இனிமே வேண்டாம்மா."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். சோறு போட்டு வைத்தாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் குழாயடியில் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். திருமால் வேலைக்குப் போக அந்த வழியாக வந்தான். பச்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். வழக்கமான வசவு வரப்போகிறது என்று மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். திருமாலும் தலையைக் குனிந்து நடையை எட்டிப் போட்டான்.

"நில்லுப்பா," என்றாள்.

அவன் நின்றான்.

"அந்தப் பொட்டலம் எம்மவனுது."

யாரோ "என்னக்கா சொல்றே?" என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கடனே என்று நடக்கிற நடை. திருமால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வேலைக்குப் போனான்.

ஆறிப்போன கதை மறுபடியும் ஊரில் சூடாயிற்று. போலீஸ் விசாரணைக்கு வந்தால் பையன் கதி என்ன, தாயே இப்படிச் செய்வாளா என்று பேசினார்கள். டீக்கடையில் மாதேஷை யாரும் தள்ளுபடி என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

சர்டிபிகேட் பார்க்கும் நாள் வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டபோது மாதேஷ், "ஆமாங்க சார்," என்றான்.

பேனா நின்றது. "அந்த ஓரமாப் போய் உக்காரு."

உட்கார்ந்தான். மற்ற பையன்கள் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு, போனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். வெயில் வராந்தாவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது. அவனுக்குப் பசிக்கவில்லை. பயமும் இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது. அவ்வளவு அசதி.

கடைசியில் கூப்பிட்டார்கள். மாதேஷ் கொண்டுவந்திருந்த கோர்ட் உத்தரவின் நகலை ஆபீசர் இரண்டு முறை படித்திருந்தார்.

"சின்ன வயசுல நடந்தது. கேஸும் தள்ளுபடி ஆயிட்டுது. இதை வெச்சு உன்னை நிறுத்தக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. நீ சொல்லியே இருக்கவேண்டாம் தம்பி."

"சார், அந்தப் பொட்டலம்..."

"அது எங்களுக்குத் தேவையில்லை." முத்திரையைக் குத்தி நீட்டினார். "அடுத்த ஆளு யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை.

மறுநாள் மைதானத்துக்குப் போனான். மாஸ்டர் குனிந்து சுண்ணாம்புத் தூளால் ஓட்டக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டாங்க மாஸ்டர்."

"ம். எப்ப கிளம்பணும்?"

"இந்த மாசக் கடைசியில."

மாஸ்டர் கோட்டைத் தொடர்ந்தார். மாதேஷ் அவர் பின்னாலேயே நடந்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்கே தெரிந்தது. வரவில்லை.

"சொல்லியே இருக்கவேண்டாம்னு ஆபீசரே சொல்லிட்டாரு. பொட்டலத்தைப் பத்திச் சொல்ல வந்தேன், காது குடுக்கலை. திருமால் எதிர்ல பார்த்தா தலையை மட்டும் ஆட்டறான், பேசறதில்லை. கூட்டம் கலைஞ்ச பின்னாடிதான் அம்மா குழாயடிக்குப் போகுது. யாருக்கு மாஸ்டர் இதனால என்ன ஆச்சு? அன்னிக்கு நீங்க ஆமான்னோ இல்லைன்னோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பொட்டலம் யாருதுன்னு ஏன் கேட்டீங்க?"

மாஸ்டர் நிமிர்ந்தார். கெட்டுப்போன முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அங்க போனா உன்னைக் காவலுக்குப் போடுவாங்க. பக்கத்துலயே ஒருத்தன் படுத்துத் தூங்குவான். நல்லா, குறட்டை விட்டுத் தூங்குவான். ஏதாவதுன்னா நீ குரல் குடுப்பேன்னு நம்பித்தான் தூங்குவான்."

சுண்ணாம்புத் தூள் இருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு உன்னைத் தெரியாது," என்றார் மாஸ்டர். "அனுப்பறவன் நான். எனக்குத் தெரியணும்."