அன்னாசி வராத குப்பி

"செத்துட்டு மேடம்," என்றார் அமலதாசன்.

பவளக்கொடி கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். "யாரு சார்?"

"என்சைம்."

தூத்துக்குடியில், கடற்காற்று நேராக உள்ளே வரும் ஆய்வுக்கூடம் அது. பவளக்கொடி அங்கே பேராசிரியர். அமலதாசன் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர். மாணவருக்குத்தான் வயது அதிகம். கல்லூரி வாத்தியார் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, காலம்போன காலத்தில் முனைவர் பட்டம் வாங்க வந்தவர். அதனால் அவர் 'மேடம்' என்பார், இவர் 'சார்' என்பார்.

பனிமலை மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் என்சைமை, அதாவது நொதியை, வைத்து வேலை. குளிரில் சுறுசுறுப்பாக இருக்கும், சூடு பட்டால் கெட்டுவிடும். அதைச் சின்னச் சின்ன மணிகளில் ஒட்டவைத்து, ஓர் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த குப்பிக்குள் போட்டு, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அமிலத்துக்கு ஊசிப்போன வெண்ணெயின் நாற்றம். நொதி இரண்டையும் இணைத்துவிட்டால் அன்னாசிப்பழ வாசம் வரும். ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்களே, அதே வாசம்.

அந்த வாசம் சரியாக வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேர்வாளர் வருகிறார். அதற்குமேல் அவகாசம் கிடையாது. அன்னாசி இல்லையென்றால் பட்டமும் இல்லை. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"காலையில லேசா பழ வாசம் வருது மேடம். மத்தியானம் பாத்தா பழையபடி வெண்ணெய். கொஞ்சம் சூடாக்கிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். நல்லா கவனிச்சுக்கறீங்கல்ல?"

"காய்ச்சக்காரப் பிள்ளையைப் பாக்க மாதிரி பாக்கேன் மேடம். நிமிஷத்துக்கு நிமிஷம் மோந்து பாக்கேன்."

பவளக்கொடி எழுந்துபோய் ஒரு காலிக் குப்பியை எடுத்தார். உள்ளே நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மூடி, குளிர்பெட்டியில் அந்தக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்கு அதைத் திறக்கும்போதெல்லாம் இதையும் திறந்து மோந்து பாருங்க."

"காலிக் குப்பியையா?"

"ஆமா சார்."

அமலதாசனுக்கு எரிச்சலாக இருந்தது. தலைபோகிற நேரத்தில் இது என்ன விளையாட்டு? ஆனாலும் சொன்னபடி செய்தார். இரண்டையும் திறந்தார், மோந்தார், மூடினார். வந்து உட்கார்ந்தார். மனசு கேட்காமல் மறுபடி எழுந்து போனார். டீ குடிக்கக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பி வந்து மோந்தார்.

சாயங்காலம் காலிக் குப்பியோடு ஓடிவந்தார். உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"இதுல நான் ஒண்ணும் ஊத்தலயே மேடம்!"

"ஊத்துனீங்க."

"சத்தியமா ஊத்தல."

"திறந்தப்பல்லாம் ஊத்துனீங்க சார்."

ஜன்னல் வழியே பிசுபிசுவென்று ஈரக் கடற்காற்று வந்துகொண்டிருந்தது. அமலதாசன் ஜன்னலைப் பார்த்தார். கையிலிருந்த ஜில்லென்ற குப்பியைப் பார்த்தார். தண்ணீர் இல்லாத இடத்தில் இணைக்கிற அதே நொதி, தண்ணீரைக் கண்டால் இணைத்ததைப் பிரித்துவிடும். அவரே வகுப்பில் நடத்திய பாடம்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"அப்ப அது சாகலயா?"

"ராத்திரியெல்லாம் சேத்து வச்சிருக்கு. பகல்ல நீங்க குடுத்த தண்ணியில பிரிச்சிருக்கு. பாவம், அதுக்கு ஓய்வே இல்ல."

அன்றைக்கே மணிகளைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, புதிதாக அமிலமும் ஆல்கஹாலும் கலந்த வேறொரு குப்பியில் போட்டார்கள். பவளக்கொடி மூடியைச் சுற்றி மெழுகுத்தாள் ஒட்டினார்.

"வெள்ளிக்கிழமை தேர்வாளர் வந்துதான் திறக்கணும்."

"அதுவரைக்கும் உள்ள என்ன நடக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அவரு முன்னால திறந்து, ஒண்ணும் இல்லன்னா?"

"அன்னைக்கு ஒரே தடவையா பயந்துக்குவோம் சார்."

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல ஒரு கொடுமையை அமலதாசன் அனுபவித்ததில்லை. குளிர்பெட்டியின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை கட்டைவிரல் நகம் மெழுகுத்தாளின் ஓரத்துக்கே போய்விட்டது. யாரோ அதட்டியதுபோல் கையை இழுத்துக்கொண்டார். கூடத்தில் யாருமில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் வந்தார். மெழுகுத்தாளை உரித்தார். மூடியைத் திருகினார். குப்பியை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சிரித்துக்கொண்டே குப்பியை நீட்டினார்.

"நீங்களே பாருங்க."

அமலதாசன் வாங்கி மூக்கருகே வைத்தார். வெண்ணெய் இல்லை. பழமும் இல்லை. எதுவுமே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. பவளக்கொடியைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

பவளக்கொடி அவருடைய சிவந்த முகத்தையும் விம்மி நின்ற நெஞ்சையும் பார்த்தார்.

"மூச்சை விடுங்க சார்," என்றார். "விட்டாத்தான் இழுக்க முடியும்."